கல்லின் மேல் வைத்த குழை

புதுப் பையின் ஜிப் நேற்று பிய்ந்துவிட்டது. ஊரார் ஜிப்பையெல்லாம் மாற்றிக் கொடுக்கிற தையல்காரிக்குத் தன் பை ஜிப்பை மாற்ற நேரமில்லை. இன்று விடியுமுன் மலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் பீரோவின் மேல்தட்டில் கையை விட்டுப் பழைய இடுப்புப் பையை எடுத்தேன். பள்ளிச் சீருடை தைத்து மிஞ்சிய நீலத் துணியில் எனக்கொன்றும் உனக்கொன்றுமாகத் தைத்த பை. உள்ளே விரலில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால், ஒரு சாண் குழை; இலையும் முள்ளுமாக ஒடித்த கொப்பு, காய்ந்து சருகாகிவிட்டது. ஒரு இலையைக் கசக்கி மோந்தேன். காட்டெலுமிச்சை வாசம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அது அங்கே கிடப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் மூன்று வருடமாக அந்தப் பையைத் தொடாமல் இருந்தேன். அது உன் குழை. நீ கல்லின் மேல் வைத்தது, நான் எடுத்தது. எட்டு மாதம் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தும் இதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டேன், வனத்துறை வாட்சர் அண்ணாச்சியிடம். அவர் பதிலுக்குச் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, கால் கூடக் கழுவாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தனியாகப் போவதற்கு அனுமதிச் சீட்டு வாங்க இந்த முறை நடையாய் நடந்தேன். புலிகள் காப்பகத்துக்குள் ஒரு பெண் எதற்குத் தனியாக ஓட வேண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நான் சிரித்துவைத்தேன். மூன்று மணிக்குள் இறங்கிவிட வேண்டும், பாதையை விட்டு விலகக் கூடாது என்று சொல்லிச் சீட்டைக் கொடுத்தார்கள். மணிமுத்தாறு போகிற முதல் பஸ்ஸில் ஏறி வழக்கம்போல இரண்டு பேர் சீட்டில் உட்கார்ந்தேன். கண்டக்டர் என் பக்கத்து இடத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு டிக்கெட்டா?" என்றார். ஒன்றுதான் என்றேன்.

நாம் பழகியதே ஓட்டத்தில்தான். கல்லிடைக்குறிச்சிக் கரையிலிருந்து நான் வருவேன், அம்பாசமுத்திரக் கரையிலிருந்து நீ வருவாய். ஆற்றுப்பாலத்தின் நடுவில் ஒருவரை ஒருவர் கடந்து போவோம். நீ ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்து, தலையில் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவாய். பத்துப் பதினைந்து நாள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டோம். ஒருநாள் நீ நின்று, "ரெண்டு பேரும் எதுக்கு எதிரும் புதிருமா ஓடணும்? ஒரு பக்கமா ஓடுவோமே" என்றாய். திரும்பி என்னோடு ஓட ஆரம்பித்தாய். அன்றைக்கு என்னை 'நீங்க' என்றாய். மறுவாரமே 'ஏட்டி' ஆகிவிட்டேன்.

பாலம் போதாமல் வாய்க்கால் கரை, வாய்க்கால் கரை போதாமல் மலை. எஸ்டேட் தொழிலாளர்கள் முன்பு ஏறி இறங்கிய ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளி யாரோ உன்னிடம் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு நீ என்னை விடவில்லை.

தார் ரோட்டிலிருந்து அந்தப் பாதை பிரிகிற இடத்தில் முழங்கால் உயரக் கருங்கல் ஒன்று நிற்கிறது. முதல்முறை போனபோது அதன் மேல் மூன்று பச்சைக் குழைகள் கிடந்தன, பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு கல். உடனே செருப்பைக் கழற்றப் போன என்னைத் தடுத்து நீ, "இது சாமிக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாய். அந்தப் பாதைக்குப் பொறுப்பான வாட்சர் அவர். தலையில் துண்டும் கையில் அரிவாளுமாக, சிரிக்கவே தெரியாத முகம்.

"சாமிக்கு இல்லம்மா, எனக்கு. மேல இருக்கியளா, இறங்கிட்டியளான்னு நான் யார்ட்ட போய்க் கேக்க? ஏறும்போது ஆளுக்கு ஒரு குழை வைங்க. இறங்கும்போது எடுத்துருங்க. சாயங்காலம் வந்து பாப்பேன். குழை கெடந்தா தேடி ஏறுவேன். கெடக்கலன்னா என் சோலியப் பாத்துட்டுப் போவேன்."

"எடுத்தத இங்கனயே போட்டுரலாமா?" என்றாய்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் எறியணும். இங்கன கெடந்தா எது வச்சது, எது எடுத்ததுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அவவங்க குழைய அவவங்கதான் எடுக்கணும், கேட்டியளா. தேன் எடுக்க வாரவனுக்கும் அதான், எங்க ஆபீசருக்கும் அதான்."

நான் கைக்கு எட்டிய கொப்பை ஒடித்தேன். நீ சுற்றிச் சுற்றிப் பார்த்து, முள்ளில் கையைக் கீறிக்கொண்டு காட்டெலுமிச்சையில் ஒடித்து, பிஸ்மில்லா சொல்லி வைத்தாய். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் உனக்குக் காட்டெலுமிச்சைதான். வாசத்துக்காகத்தான் தேடிப் பிடிக்கிறாய் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

இன்று காலை அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று ஒரு பச்சைக் குழையை வைத்தேன். பக்கத்தில், பையில் கிடந்த உன் சருகுக் குழையையும் வைத்து ஒரு கல்லை ஏற்றினேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தனியாக ஏறப் பயமாக இருந்தது. உன்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் போலவும் இருந்தது.

முதல் ஒரு மணி நேரம் ஓட்டம் என்று சொல்ல முடியாது. தொடையில் கையை ஊன்றி ஊன்றி ஏற்றம். தை மாதத்திலும் நிழலில் ஈரம் காயாமல் கிடக்க, அட்டை ஏறியது. நீ இருந்தால் உப்புத் துணியை எடுத்துத் தடவிவிட்டு, "ஒன் ரத்தம் மட்டும் அதுக்கு எப்பிடிட்டி இவ்வளவு பிடிக்கி?" என்பாய். இன்று நானே தடவிக்கொண்டேன். பாதையில் யானை லத்தி கிடந்தது, பழசு. குனிந்து அதன் சூட்டைப் பார்ப்பது உன் வேலை. நான் பத்தடி தள்ளி நின்று, "சூடு இருந்தா சொல்லு, நான் இப்பவே திரும்பிருதேன்" என்பேன். இன்று பத்தடி தள்ளி நிற்க வழியில்லை, நான்தான் குனிந்தேன்.

முதல் ஓடை தாண்டி, இரண்டாவது ஓடை தாண்டி, மூங்கில் முடிந்து புல்மேடு வந்ததும் காற்று முகத்தில் அடித்தது. அங்கே கொஞ்சம் சமமான பாதை. அங்கேதான் உண்மையிலேயே ஓடலாம். புல் இரண்டு பக்கமும் இடுப்பளவு, நடுவில் ஒரு ஆள் அகலத்துக்குத் தடம். நீ முன்னால் ஓடுவாய், உன் முக்காட்டு நுனி ஆடுவதைப் பார்த்தபடியே நான் பின்னால் வருவேன். வேகம் குறைந்தால் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி வா வா என்பாய். இன்று அந்தத் தடத்தில் எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. மூச்சு நன்றாக இருந்தது, காலும் நன்றாக இருந்தது, ஆனால் ஓட முடியவில்லை. நின்று அழுதேன். எட்டத்தில் ஒரு மிளா மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேயப் போய்விட்டது.

உச்சிப் பாறையில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றேன். கீழே அணைத் தண்ணீர், அதைத் தாண்டி வயல், வயலுக்கு நடுவே ஆறு. அந்தப் பாறையில் உட்கார்ந்துதான் மூன்று வருடத்துக்கு முன் நீ அதைச் சொன்னாய்.

"ஏட்டி, சவூதியில வேல கெடச்சிருக்கு. ரெண்டு வருசம். பிள்ள படிப்புக்கு ஆவும்லா."

எப்போது எழுதிப் போட்டாய் என்று கேட்டேன். ஆறு மாதம் ஆச்சு என்றாய். உன் வீட்டுக்காரருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் தெரியும். தினமும் விடியற்காலையில் உன் பக்கத்தில் ஓடியவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப ஆறு மாசமா எங்கூட ஓடுனது யாரு?" என்றேன்.

"சொன்னா மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்பன்னுதான் சொல்லல."

நீ சொன்னபடியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்தேன். இறக்கத்தில் முன்னால் போகிறவர் ஓடையில் காத்திருக்க வேண்டும் என்பது நமக்குள் இருந்த ஏற்பாடு. நான் முதல் முறையாகக் காத்திருக்கவில்லை. முட்டி கழன்றாலும் பரவாயில்லை என்று விழுந்தடித்து இறங்கினேன். நீ இரண்டு வளைவு பின்னால் வந்துகொண்டிருப்பாய் என்று நினைப்பு. கல்லுக்கு வந்ததும் என் குழையை எடுத்தேன். அதே கையோடு உன்னுடையதையும் எடுத்துப் பையில் திணித்தேன்.

ஏன் எடுத்தேன் என்று மூன்று வருடமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். நீதான் பின்னாலேயே வருகிறாயே என்பது ஒரு சாக்கு. உண்மை என்னவென்றால், நீ அங்கே வந்து பார்க்கும்போது உன் குழை இருக்கக் கூடாது என்று தோன்றியது. என்னைக் கேட்காமல் போகிறவளுக்கு என் பக்கத்தில் என்ன இடம் என்ற வீம்பு. ஒரு சின்னப் பிள்ளையின் கோபம், நாற்பது வயதில்.

ரோட்டைத் தாண்டி என் குழையை எறிந்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டதால் உன்னுடையதை மறந்து ஏறிவிட்டேன். கடைக்குப் போய் ஒரு ரவிக்கைக்குக் கை மாற்றித் தைத்து, பிரித்து, மறுபடியும் மாற்றித் தைத்தேன். ஆறு மணிக்கு உன் மகள் போன் பண்ணினாள்.

"சித்தி, உம்மா ஒங்க வீட்லயா இருக்காவ?"

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. அண்ணாச்சி தன் குடிசையில் உலை வைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வந்து பார்த்திருக்கிறார், கல்லில் ஒன்றும் இல்லை, எல்லாரும் இறங்கியாச்சு என்று போய்விட்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். இரண்டாவது ஓடைக் கரையில், பாறையில் முதுகைச் சாய்த்து, சுளுக்கிய காலைத் துப்பட்டாவால் கட்டி நீட்டிக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். உதட்டில் விசில். ஊதி ஊதி உதடு வீங்கியிருந்தது. பகல் பன்னிரண்டு மணியிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறாய். எங்களைப் பார்த்ததும், "பிள்ள சாப்ட்டாளா?" என்று கேட்டாய்.

அண்ணாச்சி உன்னைத் தூக்கி நிறுத்திக்கொண்டே, "கல்லுல ஒரு குழையும் காங்கலியே. வச்சியளா இல்லியா?" என்றார்.

நீ வாயைத் திறக்கும் முன் நான் சொன்னேன், "வச்சோம் அண்ணாச்சி. கொரங்கு கிரங்கு எடுத்திருக்கும்."

நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் பாதையைப் பார்த்து நொண்ட ஆரம்பித்தாய். பைய நட, பைய நட என்று நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இடுப்புப் பைக்குள் உன் குழை வழி முழுக்க என்னைக் குத்திக்கொண்டே வந்தது.

அந்த வருடம் நீ மலைக்கு வரவில்லை. "கால் சரியில்லட்டி" என்றாய். கட்டுப் பிரித்து இரண்டு மாதத்தில் பாலத்தில் பழையபடி ஓடினாய். சமதரையில் ஓடுகிற கால் மலைக்கு மட்டும் எப்படிச் சரியில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்பாயோ என்று பயம். என் மேல் உள்ள வருத்தத்தில்தான் வர மறுக்கிறாய் என்று முடிவு கட்டிக்கொண்டேன். பாலத்தில் ஓட வருகிற மற்ற இரண்டு பேரோடு மாசியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை போய்வந்தேன். ஒவ்வொரு தடவையும் மறுநாள் நீ வளைவு வளைவாகக் கேட்டாய். ஓடையில் தண்ணீர் எவ்வளவு, புல் எவ்வளவு உயரம், அட்டை கடித்ததா. நானும் வெட்கமில்லாமல் எல்லாம் சொன்னேன்.

சவூதிப் பயணம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் அதற்காக எடுத்த மருத்துவப் பரிசோதனையில்தான் கட்டி தெரிந்தது. அதன்பிறகு பாலமும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் கடையை அடைத்துவிட்டு வந்து உட்காருவேன். ஒருநாள் கண்ணை மூடியபடியே, "மேல காட்டெலுமிச்ச பூத்திருக்குமா?" என்றாய். அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு யார் கொடுப்பார்கள். பூத்திருக்கும் என்று சொல்லி உன் போர்வையைச் சரிசெய்தேன். ஐப்பசியில் நீ போய்விட்டாய். அதற்கடுத்த வருடம் நான் மலைப் பக்கமே திரும்பவில்லை.

இன்று இறங்கும்போது இரண்டாவது ஓடையில் நின்றேன். நீ சாய்ந்திருந்த பாறையில் சாய்ந்து, உன்னைப் போலவே காலை நீட்டி உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கூட இருக்க முடியவில்லை. தண்ணீர் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு இலை அசைவும் ஏதோ வருகிற மாதிரி கேட்டது. அதே இடத்தில் நீ ஏழெட்டு மணி நேரம் இருந்திருக்கிறாய், நான் திரும்பி வருவேன் என்று நினைத்துக்கொண்டு.

கல்லடிக்கு வந்தபோது இரண்டரை மணி. வாட்சர் அண்ணாச்சி துண்டை விரித்து அங்கேயே உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"தையக்காரம்மா, சீட்டு ஒரு ஆளுக்குத்தான போட்டிருக்கு. ரெண்டு குழை கெடக்கே. கூட யாரு ஏறியிருக்கா?"

"யாரும் இல்ல அண்ணாச்சி. அது நர்சம்மா குழை."

உன் மையத்தை அடக்கம் செய்ய எடுத்துப் போன அன்று தெருமுனையில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர் அவர். நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபத்தில் எடுத்தது, பையில் திணித்தது, குரங்கு என்று பொய் சொன்னது. அவர் சருகுக் குழையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொரங்கு காட்டெலுமிச்சயத் தொடாதும்மா. முள்ளுல்லா. ஆடும் தொடாது. அதுக்குன்னுதான் அந்தம்மா இத ஒடிச்சு வைக்கும். எங்கிட்டயே சொல்லியிருக்கு."

"அப்ப ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"எனக்கு எங்க தெரியும்? எதை ஒடிச்சு வச்சாவன்னு நான் பாக்கலியே. மறுவாரம் கட்டுப் போட்ட காலோட அந்தம்மா ஆட்டோவுல வந்துச்சு. 'நாந்தான் அண்ணாச்சி குழை வைக்க மறந்துட்டேன். அவ கொரங்குன்னு சொன்னது என்னைக் காப்பாத்த. அவள ஒண்ணும் சொல்லிராதிய'ன்னுச்சு. குழை வைக்காம ஏறுனா ஒரு வருசம் பாதையில விட மாட்டோம். எங்க ஆளுவளுக்கும் அதான். அதைச் சொன்னேன். சரி அண்ணாச்சின்னு கேட்டுக்கிட்டுப் போயிருச்சு."

நான் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். குரங்கு என்று நான் சொன்னபோதே உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு வருடம்தான் உனக்கு மிச்சம் இருந்த வருடம். உன் கால் நன்றாக இருந்த கடைசி வருடம். அதை எனக்காகக் கொடுத்துவிட்டு, நான் போய்வந்த கதையை வளைவு வளைவாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். முட்டாள் மாதிரி நான் புல்லின் உயரம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. என் தலைமுடியைப் பிடித்து ஆட்டியிருக்கலாமே. இன்னும் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தால் போதும் என்று இருக்கிறது எனக்கு. போர்வையைச் சரிசெய்ய மாட்டேன்.

எழுந்து நின்று, "அடுத்தவங்க குழைய எடுத்தா எவ்வளவு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அதுக்கும் ஒரு வருசந்தான்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அடுத்த தைக்கு வாங்க. சீட்டு இருந்தாலும் அதுக்கு முன்ன நான் விட மாட்டேன்."

அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு வந்த நிம்மதியை உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது. என் குழையை எடுத்துக்கொண்டேன். உன்னுடையதை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாம் என்று திரும்பினேன். அவர் கூப்பிட்டார்.

"அதையும் எடுத்துட்டுப் போங்கம்மா. கல்லுல கெடந்தா நான் தேடி ஏறணும்லா."

எடுத்துக்கொண்டேன். ரோட்டைத் தாண்டி என் பச்சைக் குழையை எறிந்தேன். உன்னுடையதை நீலப் பையிலேயே வைத்திருக்கிறேன். பாதி இலை உதிர்ந்துவிட்டது, முள் அப்படியேதான் இருக்கிறது. புதுப் பைக்கு ஜிப் மாற்றப் போவதில்லை, இனிமேல் எனக்கு இதுதான் பை. நாளைக் காலை இதை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பாலத்துக்குப் போவேன். மாசியில் மலைக்கு வாரியா என்று அந்த இரண்டு பேரும் கண்டிப்பாகக் கேட்பார்கள். கால் சரியில்லை என்று சொல்லப் போகிறேன்.